மயக்க ஊசி போட்டால் ஞாபகம் போய்விடுமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயத்தைத்தான் சுற்றி வருகின்றன: மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகிவிடுமா? ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் பரிசோதனைக்கு வருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். வயிற்றைத் திறப்பதற்குப் பயப்படாதவர்கள்கூட மயக்கத்துக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, நோயை முற்றவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. அதனால் இந்த முறை முழுக்க இதைப் பற்றியே எழுதுகிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

ஊத்தங்கரை வாசகி: பையன் பிளஸ் டூ படிக்கிறான். பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். மயக்கம் கொடுத்தால் படித்ததெல்லாம் மறந்துவிடும், பரீட்சை முடியும்வரை மாத்திரையில் ஓட்டு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?

படித்தது அழியாது. உங்கள் பையன் இத்தனை மாதமாகப் படித்தது மூளையின் நரம்பு இணைப்புகளில் ஏற்கெனவே பதிந்துவிட்டது. மயக்க மருந்து தடுப்பது, மயக்கத்தில் இருக்கும் அந்த நேரத்தில் புதிதாக எதுவும் பதிவதை மட்டும்தான். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் படிப்பில் மனம் நிற்காது. அதற்கு வலி, காய்ச்சல், தூக்கமின்மை, சரியாகச் சாப்பிடாதது என்று பல காரணங்கள் உண்டு. அவை சரியானதும் கவனமும் திரும்பிவிடும்.

மருந்திலேயே சமாளிக்க முடியுமா என்பதை ஸ்கேன் பார்த்த சர்ஜன் முடிவு செய்யட்டும். மயக்கத்துக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்து அந்த முடிவை எடுக்காதீர்கள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவினால் பரீட்சை மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

அரூர், பள்ளி ஆசிரியர்: மயக்கத்தில் மூளைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? 'சினாப்டிக் பிளாஸ்டிசிட்டி'யை மயக்க மருந்து பாதிக்கும் என்று படித்தேன். மாணவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு விளக்க முடியுமா?

ஆசிரியர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நரம்பு செல்லும் அடுத்த நரம்பு செல்லும் சந்திக்கும் இடம் சினாப்ஸ். அங்கே மிக நுண்ணிய இடைவெளி இருக்கும். ஒரு பக்கம் ரசாயனத்தைச் சுரக்கும், மறுபக்கத்தில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி பயன்படும் இணைப்பு வலுப்பெறும், பயன்படாதது தளரும். இந்த நெகிழ்வுத்தன்மையைத்தான் நீங்கள் படித்த சொல் குறிக்கிறது. நாம் கற்பதும் நினைவில் வைப்பதும் இதை நம்பித்தான் நடக்கின்றன.

1973-ல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இரு விஞ்ஞானிகள் முயல்களின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், அதாவது புது நினைவுகள் உருவாகும் இடத்தில், ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நரம்புப் பாதையைக் கொஞ்ச நேரம் வேகமாக மின்சாரத்தால் தூண்டினால், அந்த இணைப்பு மணிக்கணக்கில் வலுவாகவே இருப்பதைக் கண்டார்கள். நீண்டகால வலுவூட்டல் என்ற இந்தக் கண்டுபிடிப்பில்தான் நினைவாற்றல் ஆராய்ச்சியின் பெரும்பகுதி நிற்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த முயல்கள் அப்போது மயக்கத்தில் இருந்தன என்பது. அப்படியென்றால் எல்லா மயக்க மருந்தும் எல்லா அளவிலும் இந்த நெகிழ்வை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, மூளையின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது அது.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். கையில் ஏறும் பால் போன்ற வெள்ளை மருந்து புரொபோஃபால். மாஸ்க் வழியாகவோ குழாய் வழியாகவோ சுவாசிக்க வைப்பது செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்றவை. இவையெல்லாம் முக்கியமாக 'காபா-ஏ' என்ற ஏற்பியின் வேலையைக் கூட்டிவிடுகின்றன. காபா மூளையின் அடக்கும் ரசாயனம். அந்த ஏற்பி திறந்தால் குளோரைடு அயனிகள் செல்லுக்குள் போய், செல் எளிதில் தூண்டப்படாதபடி செய்கின்றன. கெட்டமைனும் நைட்ரஸ் ஆக்சைடும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை 'என்எம்டிஏ' என்ற ஏற்பியை அடைக்கின்றன. அந்த ஏற்பி வழியாகக் கால்சியம் உள்ளே போனால்தான் இணைப்பு வலுப்படும் வேலையே தொடங்கும். ஆக இரண்டு வழியிலும் புதிதாகப் பதிவது தடைபடுகிறது. வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் நிற்கும், வாய்க்கால் அழிந்துபோகாது அல்லவா? அதுபோலத்தான்.

இந்தத் தடை மருந்து உடம்பை விட்டுப் போன கணமே முற்றிலும் நீங்கிவிடுகிறதா? ஆய்வாளர்கள் இன்று துருவிக்கொண்டிருப்பது இதைத்தான். கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்கு எட்டோமிடேட் என்ற இன்னொரு மயக்க மருந்தோ ஐசோஃப்ளூரேனோ ஒரே ஒரு முறை கொடுத்த பிறகும், நினைவோடு தொடர்புள்ள ஒருவகை காபா ஏற்பி செல்லின் மேற்பரப்பில் குறைந்தது ஒரு வாரம் அதிகமாகவே இருந்தது. மருந்து எப்போதோ போய்விட்டது, அதன் தடம் சில நாள் இருந்தது. ஆபரேஷன் முடிந்த ஒன்றிரண்டு வாரம் சிலர் 'தலை தெளிவாக இல்லை' என்று சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஓசூர், இளம் தாய்: எட்டு மாதக் குழந்தைக்கு ஹெர்னியா. ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். மூன்று வயதுக்குள் மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று அமெரிக்காவிலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறார்களாமே? தூக்கமே வரவில்லை.

எச்சரிக்கை உண்மைதான். அதில் இருப்பதை முழுதாகப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

இந்தக் கவலை பெரிதானது 2003-ல். பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு மூன்று மயக்க மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். மூளையின் பல இடங்களில் நரம்பு செல்கள் செத்தன. வளர்ந்த பிறகு அந்த எலிகள் கற்பதில் பின்தங்கின. அந்த வயதில்தான் இணைப்புகள் மளமளவென்று உருவாகின்றன. அப்போது மூளையின் செயல்பாட்டை நீண்ட நேரம் அடக்கினால் கெடுதல் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. பிறகு வந்த எலி ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. புரொபோஃபால் மிக இளம் குட்டிகளில் நரம்புக் கிளைகளின் நுண்முட்களை, அதாவது இணைப்புகள் அமையும் சின்னச் சின்ன முளைகளை, குறைத்தது, சில நாள் மூத்த குட்டிகளில் அதே மருந்து அவற்றைக் கூட்டியது. வயது அவ்வளவு முக்கியம். எலிக்கு ஆறு மணி நேரம் என்பது அதன் ஆயுளோடு ஒப்பிட்டால் மிக நீண்ட நேரம் என்பதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் விட்ட எச்சரிக்கை, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தையோ பற்றியது. குறுகிய நேரம் ஒரே ஒரு முறை கொடுப்பதைப் பற்றியது அல்ல.

உங்கள் குழந்தைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகள், எல்லோருக்கும் இதே ஹெர்னியா ஆபரேஷன். பாதிப் பேருக்குச் செவோஃப்ளூரேன் கொடுத்து முழு மயக்கம், மீதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி. இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் இரு தரப்பிலும் சுமார் 99. வித்தியாசமே இல்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மயக்கம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

பலமுறை மயக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளில், அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிவுத்திறன் மதிப்பெண் குறையவில்லை என்றாலும் வேகமாகச் செய்வதிலும் நுண்ணிய கைவேலையிலும் லேசான பின்தங்கல் தெரிந்தது. ஆகவே பல ஆபரேஷன்கள் தேவைப்படும் குழந்தைகளுக்கு இரண்டை ஒன்றாகச் சேர்க்க முடியுமா, எது காத்திருக்கலாம் என்று பேசித் திட்டமிட வேண்டும். உங்கள் குழந்தைக்கு அந்தப் பேச்சே இல்லை. கைக்குழந்தையின் ஹெர்னியாவில் குடல் மாட்டிக்கொண்டால் அவசர ஆபரேஷன் ஆகிவிடும். அதற்கு முன் திட்டமிட்டுச் செய்வதே நல்லது.

ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது குழந்தை அடம்பிடித்து, உங்களையே அடையாளம் தெரியாததுபோல அழலாம். செவோஃப்ளூரேனுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பால் எப்போது கொடுக்கலாம் என்று மட்டும் நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பாலக்கோடு வாசகர்: அப்பாவுக்கு 76 வயது. களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். "மழை வருது, மாட்டை அவிழ்த்து உள்ளே கட்டு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்தே "நீ யாருப்பா?" என்றார். பகலில் ஓரளவு தெளிவாக இருக்கிறார். மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார்களா? முதுகில் ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காதா?

இது டெலிரியம் என்ற திடீர்க் குழப்பநிலை. ராத்திரியில் கூடும், பகலில் குறையும், சொந்தப் பிள்ளையையே தெரியாது. பைத்தியமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. பார்க்கிற உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

முதுகு ஊசியைப் பற்றி முதலில். 2021-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். இரு தரப்பிலும் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு இந்தக் குழப்பம் வந்தது. எந்த மயக்கம் என்பதைவிட வேறு விஷயங்களுக்கு இதில் பங்கு அதிகம் என்பது என் கருத்து. உங்கள் டாக்டர் எதையோ கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து நொந்துபோகாதீர்கள்.

எலும்பு முறிவும் ஆபரேஷனும் உடம்பில் அழற்சியைக் கிளப்பும். அந்த ரசாயனங்கள் மூளையில் இருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்களை உசுப்பிவிடும். நான் மேலே சொன்ன நீண்டகால வலுவூட்டல் அப்போது மங்கும். எலிகளில் மயக்கம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், மயக்கத்தோடு ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். ஆபரேஷனும் சேர்ந்த எலிகளில்தான் நினைவுக் குறை தெளிவாகத் தெரிந்தது. வயதான மூளையில் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. அதோடு வலி, தூக்கம் கெட்டது, புது இடம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

வார்டில் இப்படி ஒருவரைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது அவருடைய மூக்குக் கண்ணாடியை. பெரும்பாலும் அது மகளின் பையிலோ, மடித்த வேட்டிக்குள்ளோ பத்திரமாக இருக்கும். காது மெஷினும் அப்படித்தான், "தொலைந்துவிடும் சார்" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். கண்ணும் காதும் இல்லாமல், முன்பின் தெரியாத இடத்தில், நடுராத்திரியில் யாரோ கையைப் பிடித்து ஊசி போட்டால் எந்தப் பெரியவரும் மிரண்டுதான் போவார். கண்ணாடியை மாட்டிவிடுங்கள். காது மெஷினைக் கொண்டுவந்து வையுங்கள். ராத்திரி கூடவே இருப்பவர் தினமும் மாறாமல், அவருக்கு நன்றாகப் பழகிய ஒருவராக இருக்கட்டும். "அப்பா, நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கோம். கால் ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மாட்டை அண்ணன் கட்டிட்டான்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மாடே இல்லை என்று வாதாட வேண்டாம்.

பகலில் ஜன்னல் வெளிச்சம் படட்டும், எலும்பு டாக்டர் அனுமதித்த உடனே எழுப்பி உட்கார வையுங்கள். ராத்திரியில் விளக்கையும் பேச்சையும் குறையுங்கள். பார்க்க வருகிற கூட்டம் ஒன்பது மணிக்கு மேல் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டாம். கைகால்களைக் கட்டிப்போடுவது குழப்பத்தை இன்னும் கூட்டும். எப்படியாவது தூங்க வைத்துவிடுங்கள் என்று ஊசி கேட்டு நர்ஸை நெருக்காதீர்கள், டயசிபாம் போன்ற தூக்க மருந்துகளும், ஒவ்வாமைக்குப் போடும் பழைய ஊசிகள் சிலவும் வயதானவர்களின் குழப்பத்தை அதிகமாக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, இதன் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, நிமோனியா, சரியாக அடங்காத வலி, எதுவாகவும் இருக்கலாம். தினமும் குடிக்கிறவர் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். குடி திடீரென்று நின்றதாலும் இதே குழப்பம் வரும், அதற்கு மருத்துவம் வேறு, அதில் டயசிபாம் வகை மருந்துதான் தேவைப்படும்.

இன்னொன்று. சிலருக்கு இது கத்தல், பிடுங்கல் எதுவும் இல்லாமல் வரும். பேசாமல் சோர்ந்து படுத்திருப்பார், கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறப்பார். "அப்பா சாதுவா தூங்குறாரு" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். அதுவும் டெலிரியம்தான், கவனிக்கப்படாமல் போவதால் அதிக ஆபத்தானது. அப்படித் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

பெரும்பாலும் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் தெளிந்துவிடும். 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரை வைத்து 1998-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், பெரிய ஆபரேஷனுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 26 சதவீதம் பேருக்கு நினைவு, கவனச் சோதனைகளில் சரிவு இருந்தது. மூன்று மாதத்தில் அது 10 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மாதம் தாண்டியும் அப்பா பணம் எண்ணத் தடுமாறினால், வழி மறந்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பே மெதுவாகத் தொடங்கியிருந்த மறதி நோயை ஆபரேஷன் வெளியே காட்டியிருக்கலாம்.

பென்னாகரம் வாசகர்: எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். மயக்க வாயுவிலும் ஃப்ளோரின் இருக்கிறதாமே? எங்களுக்கு அது கூடுதல் கெடுதலா?

நம்ம மாவட்டத்துக்காரர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. செவோஃப்ளூரேனில் ஃப்ளோரின் உண்டு. உடம்பில் சேர்வதில் 5 சதவீதம் அளவுக்குத்தான் சிதையும், மீதி மூச்சோடு வெளியே போய்விடும். சிதைந்ததிலிருந்து வரும் ஃப்ளோரைடு ரத்தத்தில் தற்காலிகமாக ஏறி, சிறுநீரில் கழிந்துவிடும். பல்லில் கறையும் எலும்பில் இறுக்கமும் வருவது ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் ஃப்ளோரோசிஸ் எனப்படும் இந்த ஃப்ளோரைடு பாதிப்பு எங்கள் வேலையை வேறு விதத்தில் தொடும். முதுகெலும்பின் தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் முதுகு ஊசி உள்ளே போவது கஷ்டம். கழுத்து வளையாவிட்டால் மூச்சுக்குழாயில் டியூப் வைப்பதும் கஷ்டம். வீட்டில் யாருக்காவது முதுகு வளையாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தால், ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் தயாராக வருவோம்.

காவேரிப்பட்டினம் வாசகி: இரண்டு பிரசவமும் சிசேரியன். முதுகில் ஊசி போட்டதிலிருந்து மறதி. அடுப்பில் பால் வைத்தால் மறந்துவிடுகிறேன்.

முதுகு ஊசி மருந்து இரண்டு மூன்று மில்லிதான். கீழ் முதுகில் நரம்பு வேர்களை மரத்துப்போகச் செய்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அது மூளையின் நினைவு இணைப்புகளைத் தொடுவதில்லை. கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்க விழிக்கிறவருக்கு மறதி வராமல் இருந்தால்தான் அதிசயம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் மறதியாக வரும்.

காரிமங்கலம் வாசகி: ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என்னிடம் நன்றாகப் பேசினார், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றுகூடக் கேட்டார். மறுநாள் கேட்டால் எதுவுமே ஞாபகம் இல்லை என்கிறார்.

மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் ஊசி போட்டிருப்பார்கள். அது வேலை செய்யும் நேரத்தில் பேசலாம், பதில் சொல்லலாம், ஆனால் நினைவில் பதியாது. பயப்பட ஒன்றும் இல்லை. அந்த நாளில் அவரிடம் முக்கியமான எதையும் சொல்லாதீர்கள், கையெழுத்து வாங்காதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: மாட்டுக்குப் போடும் மயக்க மருந்தான கெட்டமைனை மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறார்களாமே? உண்மையா? என் தம்பிக்கு ஆறு வருடமாக மாத்திரை கேட்கவில்லை.

உண்மை. கால்நடைக்கும் மனிதருக்கும் இரு தரப்புக்கும் பயன்படுகிற பழைய மருந்து அது. மயக்கம் கொடுக்கும் அளவைவிடக் குறைவாகக் கொடுத்தால், பல மாத்திரைகளுக்கு அசையாத மன அழுத்தம் சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தணிகிறது. 2010-ல் எலிகளில் நடந்த ஆய்வில், குறைந்த அளவு கெட்டமைன் மூளையின் முன்பகுதியில் புதிய நுண்முட்களை முளைக்கச் செய்தது தெரிந்தது. மற்ற இடத்தில் நாங்கள் பயப்படுகிற அதே இணைப்பு மாற்றம், இங்கே மருந்தாகிறது. மயக்க மருந்து என்றாலே மூளைக்குக் கெடுதல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதன் உறவு மருந்தான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்பிரேயை அமெரிக்கா 2019-ல் அனுமதித்தது.

ஆனால் பலன் நீடிக்கத் திரும்பத் திரும்பத் தேவைப்படும். ரத்த அழுத்தம் ஏறும், மனம் உடம்பை விட்டு விலகுவதுபோல் தோன்றும், பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. மனநல மருத்துவரின் கண்காணிப்பில், மருத்துவமனையில் மட்டும்தான். தம்பியை மனநல மருத்துவரிடம் மறுபடி அழைத்துப் போய் இதைப் பற்றி நேராகவே கேளுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பர்கூர் வாசகர்: அம்மாவுக்கு 70 வயது. போன தடவை ஆபரேஷனில் மூன்று நாள் குழம்பிப்போனார். இப்போது பித்தப்பைக் கல்லுக்கு மறுபடி ஆபரேஷன். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

குழம்பியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். போன ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு போங்கள், அதில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று சில சமயம் இருக்கும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், மெடிக்கலில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபரேஷன் அன்று காலையிலும் நிறுத்தக் கூடாது. தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், சில பூச்சிமருந்துகளால் நாங்கள் கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்தின் வேலை நீண்டுவிடும்.

முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி போட வேண்டாம். திட உணவை ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். எண்ணெயில் பொரித்ததும் கறியும் மட்டும் எட்டு மணி நேரம். உங்கள் மயக்க டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். வாய் காய்ந்து, தலை சுற்றி வருகிற 70 வயது அம்மாவைவிட, தண்ணீர் குடித்துவிட்டு வருகிற அம்மா சீக்கிரம் தெளிவார்.